பதின்மூன்று இலக்கம்

முப்பத்திரண்டு பவுண்டு.
கடைப் பக்கம் விலையைத் தடித்த எழுத்தில் சொல்கிறது,
பக்கத்தில் ஒரு தேனீயின் படம்.
காற்று ஓயாத கரைகளில் தேனீ வளர்ப்பது பற்றி
யாரோ முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார்,
என் கொல்லையைப் பார்த்துவிட்டு எழுதியது போல்.
தர்சோவில் மரம் என்று ஒன்று முளைத்தால்
படுத்தபடிதான் வளரும்.
ஜனவரியில் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
முப்பத்திரண்டு பவுண்டு என்றால்
படகின் அடித்தளத்தில்
லாரிச் சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டும்
என் மூன்று மணி நேரம்.

'வாங்கு' வரை போன கை நின்றுவிட்டது.

உலாவியின் நெற்றியில் நானே செய்துவைத்த பொத்தான் ஒன்று உண்டு.
'நூலகம்' என்று பெயர்.
உள்ளே ஒரே ஒரு வரி நிரல்.
அந்த ஒரு வரிக்கு மூன்று இரவு பிடித்தது,
அதில் இரண்டு இரவு
ஒரு மேற்கோள்குறியை மூடாமல் விட்டதற்கு.
அதன் வேலை சின்னது:
திறந்திருக்கும் பக்கத்தில் பதின்மூன்று இலக்கத்தை மோப்பம் பிடிக்கும்,
கவ்வும், ஓடும்,
நூலகப் பட்டியலின் வாசலில் போட்டுவிட்டு
என்னைத் திரும்பிப் பார்க்கும்.

அழுத்தினேன்.

பதிவுகள் எதுவும் இல்லை.

இல்லை என்றால் இல்லைதான் என்று எடுத்துக்கொள்கிற ஆள் நான்.
கோடையில் சீட்டு ஜன்னலில் உட்காரவைப்பார்கள்,
படகில் இடம் இல்லை என்று
நாளுக்கு நாற்பது பேரிடம் சொல்வேன்.
முப்பத்தொன்பது பேர் போய்விடுவார்கள்.
ஒருத்தர் மட்டும் கண்ணாடியைத் தட்டி
"சைக்கிளுக்குக் கூடவா?" என்பார்.
சைக்கிளுக்கு இருக்கும்.

எண்ணை அழித்தேன்.
ஆசிரியரின் குடும்பப்பெயர், ஒரு இடைவெளி,
தேனீ.

வந்தது.
ஒரே பிரதி. விக் நகரக் கிடங்கு அலமாரி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று.
புத்தகங்களுக்கு எண் போடும் வழக்கம் வருமுன்னே
பிறந்துவிட்ட புத்தகம்.
கடையில் இருப்பது அதன் மறுபதிப்பு, மெல்லட்டை.
என் பொத்தான் பேரனின் எண்ணை வைத்துக்கொண்டு
தாத்தாவைத் தேடியிருக்கிறது.

முன்பதிவு செய்ய அட்டை எண் கேட்டது,
கடவு எண் கேட்டது,
பெயர் கேட்டது.
ஸ்வான்சன் என்று அடித்தேன், மறுத்தது.
அட்டையில் நான் இன்னும் வில்மா பட்ஜ்.
விவாகரத்துத் தாள்கள் வங்கிக்குப் போயின,
மருத்துவருக்குப் போயின,
நூலகத்துக்குப் போகவில்லை.
பட்ஜ் என்றதும் வழிவிட்டது.

வியாழக்கிழமை வேனில் வந்து இறங்கியது.
இங்கா மேன்சன் மேசைக்கு அடியிலிருந்து எடுத்து
ஒரு முறை ஊதினாள்.
"கடைசியாக வெளியே போனது எண்பத்தேழில்,
அதற்கப்புறம் நீங்கள்தான்."
முத்திரைத் தாளில் தேதிகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.
அட்டையில் ஈரச் சுவரின் வாசம்.

அந்தப் பக்கத்தை
படகுத்துறைக் கேன்டீனில் வைத்துப் பார்த்தேன்.
காற்றைப் பற்றிய அத்தியாயம்.
ஓரத்தில் பென்சிலில், அழுத்தி:
"கூட்டின் வாசல் தென்கிழக்கே.
மேற்கு வேண்டவே வேண்டாம்.
மூன்று கூடு போயிற்று."
'மூன்று' என்பதன் கீழே இரண்டு கோடு.

நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது.
யார் எழுதியிருந்தாலும் அது தப்புதான்.
தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

அன்று இரவு நிரலில் இரண்டாவது வரி சேர்த்தேன்:
எண் கிடைக்காவிட்டால்
தலைப்பைக் கேள்.
மேற்கோள்குறிகளை விரல் வைத்து எண்ணினேன்,
எல்லாம் ஜோடியாக இருந்தன.

சோதித்துப் பார்க்க அந்த நேரத்தில்
புத்தகப் பக்கம் எதுவும் திறந்திருக்கவில்லை.
மழைக்கோட்டு விற்கிற பக்கம்தான் இருந்தது,
மஞ்சள், முழங்கால் வரை, நாற்பது பவுண்டு.
அழுத்தினேன்.

மூன்று கிடைத்தன.
இரண்டு, குழந்தைகள் பகுதி.
ஒன்று வெளியே போயிருக்கிறது,
பதினெட்டாம் தேதி திரும்பும்.